டிக்கெட் அவர்கிட்ட இருக்கு

"அம்மா, நாளைக்குக் காலையில என்னை இவரோட பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப்போறாங்களாம். மலைக்கு அந்தப் பக்கம். அங்க போயிட்டா போன்கூடக் கிடையாது. இன்னிக்கே வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மா..."

அதற்கு மேல் என் மகளின் குரல் கேட்கவில்லை. யாரோ போனைப் பிடுங்கியது மட்டும் கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. முன்னறையில் என் வீட்டுக்காரர் கண்ணாடி முன் நின்று, "பயணிகளே! நீங்கள் மூட்டைகள் அல்ல, மனிதர்கள்!" என்று கையை நீட்டி முழங்கிக்கொண்டிருந்தார்.

அவர் ரயில் பயணிகள் உரிமைச் சங்கத்தின் செயலாளர். பிழைப்புக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், செத்துப்போனவர்களின் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுக் கொடுப்போம். மற்ற நேரத்தில் ரயில்காரர்களுக்குச் சட்டம் பேசுவார். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே 'சட்டம்'தான். கடையில் கண்ணாடியை வைத்து, படத்தை வைத்து, பின்பலகையை வைத்து, அசையாதபடி ஆணி அடிப்பது என் வேலை. இத்தனை வருஷமாக அடிக்கிறேன். என்னையும் ஒருத்தர் இப்படித்தான் வைத்து அடித்திருக்கிறார் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டுமே? எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

"என்னங்க, பாப்பா போன் பண்ணினா. அழறா. உடனே வரச் சொல்றா."

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார். "குடும்பம்னா நாலும் இருக்கும். அனுசரிச்சுப் போகச் சொல்லு."

"போன தடவை வந்தப்ப மணிக்கட்டு வீங்கியிருந்துச்சுங்க."

"அதான் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னாளே. கதவைப் பார்த்துத் திறக்கணும்."

எங்கள் வீட்டிலும் கதவுகள் இருக்கின்றன. இருபது வருஷம் அவள் அவற்றைத் திறந்து மூடி வளர்ந்தாள். ஒரு கதவும் அவளை அடித்ததில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "சரிங்க" என்றுதான். அந்தச் சொல்லுக்கு ஒரு பரிசு இருந்தால் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் நான்தான் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருப்பேன்.

நல்லவேளை, மறுநாள் அவருடைய மாநாடு மகள் இருக்கும் ஊரில்தான். அன்றைக்குச் சாயங்கால வண்டியிலேயே சங்கத்து ஆட்களோடு கிளம்புவதாக ஏற்பாடு. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெரிய மனசு பண்ணினார்.

"நீயும் வா. போய்ப் பாரு, புத்தி சொல்லு, வந்துடு. கூட்டிட்டு வர்ற பேச்சு மட்டும் எடுக்கக் கூடாது. சம்பந்தி வீட்டுல என் மானம் போயிடும்."

அதற்கும் "சரிங்க" என்றேன். ஆனால் இந்த முறை மனசுக்குள் வேறொன்று சொல்லிக்கொண்டேன். என் பெண்ணை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். எப்படி என்று கேட்காதீர்கள், அது எனக்கே தெரியாது.

டிக்கெட் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெண்கள் டிக்கெட் வைத்துக்கொள்வதில்லை. என் அம்மாவின் டிக்கெட் அப்பாவிடம் இருந்தது. என் டிக்கெட் அப்பாவிடமிருந்து அண்ணனுக்கும், அண்ணனிடமிருந்து இவருக்கும் போனது. "பொம்பளைங்க தொலைச்சுடுவீங்க" என்பார்கள். நாங்களும் தொலைத்துவிடுவோம் என்றுதான் நம்பினோம். மகளுக்குக் கல்யாணமாகி வழியனுப்பப் போனபோது, ரயில் நிலையத்தில் இவர் அவளுடைய டிக்கெட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்து, "இனிமே இவ டிக்கெட் உங்ககிட்ட" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆஹா, எவ்வளவு பொருத்தமாகப் பேசுகிறார் என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டே பூரித்துப்போனேன்.

இது எங்கள் வீட்டுப் பைத்தியம் மட்டுமல்ல. பெண்கள் பெட்டியில் செக்கர் ஏறும்போது கேட்டுப் பாருங்கள், கோரஸாகப் பதில் வரும்: "அவர்கிட்ட இருக்கு." "எங்க அண்ணன்கிட்ட இருக்கு." "பின்னால வர்றார்." ஒரு தடவை ஒரு டீச்சரம்மா, "என் பையன்கிட்ட இருக்கு" என்றார். பையனைப் பார்த்தால் அவனுக்கு இன்னும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான். இவரும் சங்கப் பொருளாளரும் முன்பக்கம் ரிசர்வ் செய்த பெட்டியில் ஏறினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இவருடைய சட்டைப் பையில். "நாங்க சங்க விஷயம் பேசிட்டு வருவோம், நீ லேடீஸ்ல உட்காரு" என்று என்னைக் கடைசிப் பெட்டிக்கு அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்பவில்லை. சாப்பாட்டு அடுக்கு, மாநாட்டு நோட்டீஸ் மூட்டை, சுருட்டிய பேனர் எல்லாம் என்னோடு வந்தன. 'பயணிகள் மூட்டைகள் அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதிய பேனரை மடியில் வைத்துக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவில் இன்னொரு மூட்டையாக உட்கார்ந்தேன்.

வழியில் ஒரு சின்ன நிலையத்தில் வண்டி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், இவர் பாட்டிலோடு இறங்கிக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். குழாய் இருமியது, தண்ணீர் வரவில்லை. அவ்வளவுதான், மனுஷனுக்குச் சாமி வந்துவிட்டது. நிலைய அதிகாரியைக் கூப்பிட்டு நிறுத்தி, "குடிதண்ணீர் பயணியின் அடிப்படை உரிமை, தெரியுமா தெரியாதா?" என்று விரலை ஆட்ட ஆரம்பித்தார். பொருளாளர் செல்போனில் படம் பிடித்தார். வண்டி ஊதியது. விரல் ஆடியது. வண்டி நகர்ந்தது. விரல் ஆடிக்கொண்டே இருந்தது. எப்படியும் ஏதோ ஒரு பெட்டியில் தொற்றியிருப்பார் என்று நினைத்து நான் அடுக்கைத் திறந்து ஒரு ரொட்டியைத் தின்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் செக்கர் ஏறினார். கறுப்புக் கோட்டுப் போட்ட, என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண்.

"டிக்கெட் காட்டுங்கம்மா."

"அவர்கிட்ட இருக்கு."

"அவர் எங்க இருக்கார்?"

"முன்னால பெட்டியில. அவர் சங்கச் செயலாளர்" என்றேன் தோரணையாக. செயலாளர் சம்சாரத்திடம் டிக்கெட் கேட்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம் வேறு.

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்று என்னை மூட்டை முடிச்சோடு பெட்டி பெட்டியாக நடத்திக் கூட்டிப்போனார். இவருடைய இருக்கையில் பை இருந்தது, செருப்பு இருந்தது, ஆள் இல்லை. எதிரில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சத்தம் போட்ட ரெண்டு பேரா? தண்ணி பிடிக்க இறங்கினாங்கம்மா. இன்னும் அங்கதான் சத்தம் போட்டுட்டிருப்பாங்க" என்றார். "நல்லாத்தான் பேசினார். வண்டி கிளம்பினப்புறம்தான் எனக்கே கொஞ்சம் தூங்க முடிஞ்சுது."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் போனதற்காக அல்ல. டிக்கெட்டும் அவரோடு போனதற்காக. என் பெண் அங்கே பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விடிந்தால் மலைக்கு அந்தப் பக்கம்.

"டிக்கெட் இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறக்கணும்மா. அதான் விதி" என்றார் செக்கர்.

நானும் சட்டத்தின் சம்சாரம் அல்லவா? விட்டுவிடுவேனா? இத்தனை வருஷம் காதில் விழுந்ததையெல்லாம் கிளறிப் பார்த்து, கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசினேன். "குடிதண்ணீர் பயணியின் அடிப்படை உரிமை!"

"தண்ணி வேணுமா?" என்று தன் பாட்டிலை நீட்டினார் அந்தப் பெண்.

வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்வது?

அவர் என்னைக் காலியாக இருந்த இவருடைய இருக்கையிலேயே உட்காரவைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன். நீங்க தனியா வர்றீங்களா, துணையோட வர்றீங்களா?"

"துணையோடதான்!" என்றேன் ரோஷமாக. நான் என்ன, கேட்பாரற்றவளா?

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கம்மா. தனியாப் பயணம் செய்யற பொம்பளையை, டிக்கெட் இல்லேன்னாலும், இருட்டினப்புறம் நடுவழியில இறக்கிவிடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. கட்டணமும் அபராதமும் வாங்கிட்டு ஊர்வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். ஆனா ஆம்பிளைத் துணை இருந்தா அந்தச் சட்டம் கிடையாது. துணைதான் பார்த்துக்கணும்."

"துணை அங்க குழாயடியில நிக்குதே!"

"அதனாலதான் கேக்கறேன். இப்ப நீங்க தனியா, இல்லையா?"

அட, இது எங்கள் வீட்டு வசனமாயிற்றே! என் மடியிலிருந்த நோட்டீஸில் ஏழாவதோ எட்டாவதோ உரிமை இதுதான். நானே மடித்த நோட்டீஸ். அவர் கண்ணாடி முன் நின்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், அது குக்கர் விசில் மாதிரி என் காதைத் தாண்டிப் போயிருக்கிறது. துணையோடு வந்தால் நடுவழியில் இறக்கலாம். தனியாக வந்தால் தொடக்கூடாது. இவர் வண்டியில் இருந்தவரை எனக்கு இல்லாத உரிமை, இவர் இறங்கியதும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஆனாலும் அந்த ஒரு சொல் நாக்கில் வரவில்லை. தனியாப் போனா நாலு பேர் பேசுவாங்க. தனியா நின்னா நாய்கூட மதிக்காது. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை வைத்துத்தானே என்னைப் பயமுறுத்தினார்கள், நானும் அதே சொல்லால்தானே என் பெண்ணைப் பயமுறுத்தினேன்!

"தனியாத்தான் வர்றேன்" என்றேன். முதலில் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். பேப்பர்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

கைச்செலவுக்கு வைத்திருந்ததிலிருந்து எண்ணிக் கொடுத்தேன். செக்கர் ரசீது எழுதிக் கிழித்து என் கையில் வைத்தார். 'பயணி: பெண், தனி' என்று எழுதியிருந்தது. அபராதச் சீட்டுத்தான். ஆனால் என் வாழ்க்கையில் என் கைக்கு வந்த முதல் டிக்கெட் அது. அதைப் போய் இப்படியா ஒருத்தி ஆசை ஆசையாகத் தடவிப் பார்ப்பாள்? பார்த்தேன்.

அப்போது போன் அடித்தது.

"எங்கடி இருக்கே? வண்டியை எடுத்துட்டான் அயோக்கியன்! கேஸ் போடறேன் பாரு! நீ அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே பெஞ்சுல உட்காரு. நாங்க அடுத்த வண்டியில வந்து ஏத்திக்கறோம்."

"இருட்டிடுச்சுங்க. நான் நேரா பாப்பாகிட்டப் போயிடறேனே."

"தனியாவா? ஆம்பிளை இல்லாம சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நிப்பியா? பேசாம இறங்கு."

"உங்க நோட்டீஸ்ல போட்டிருக்குங்களே, தனியா வர்ற பொம்பளையை இருட்டினப்புறம் நடுவழியில இறக்கக் கூடாதுன்னு."

"அது ரயில்காரனுக்குடி! புருஷனுக்கா போட்டிருக்கு?"

ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

இந்த இடத்தில் நான் வீரமாக ஏதோ பதில் சொன்னதாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. உண்மையில், வண்டி வேகம் குறைந்ததும் நான் எழுந்துவிட்டேன். கால் தானாக எழுந்தது. ஒரு கையில் அடுக்கு, ஒரு கையில் நோட்டீஸ் மூட்டை, கக்கத்தில் பேனர், தோளில் அவருடைய பை, விரலிடுக்கில் அவருடைய செருப்பு. கதவுவரை போய்விட்டேன். வெளியே ஒரே ஒரு விளக்கு, ஒரே ஒரு பெஞ்சு, ஆள் நடமாட்டம் இல்லை.

"இறங்கறீங்களா?" என்றார் செக்கர். "நான் இறக்கலையேம்மா."

"அவர் இறங்கச் சொல்றார்."

அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டார். என்னைத் தடுக்கவில்லை. அவருடைய சட்டம் அதுவரைக்கும்தான்.

படியில் காலை வைத்தேன். பேனர் கதவுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. மூட்டை ஒரு பக்கம் இழுத்தது. இந்தப் பக்கம் திருப்பினால் அடுக்கு இடித்தது, அந்தப் பக்கம் திருப்பினால் செருப்பு விழுந்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என்னால் இறங்கவே முடியவில்லை. உரிமைகள் அவ்வளவு கனம். அந்தக் கூத்தில்தான் மகளின் குரல் காதில் வந்தது: இன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடும்மா. நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒரு கதவு அவளைக் கையில் இடித்தது, இன்னொரு கதவு எங்கே இடிக்குமோ?

காலைப் பின்னால் எடுத்தேன். விழுந்தது இவருடைய இடது செருப்பு மட்டும்தான். வண்டி கிளம்பியது. நான் போனை அணைத்தேன்.

சம்பந்தி வீட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மாள் வாசல்படியிலேயே நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. அவருக்கும் பின்னால், பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பெண். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அந்த வீட்டில் கதவுகள் நிறைய போலும்.

"என்ன, தனியாவா வந்தீங்க? சம்பந்தி எங்க?"

தனியா என்று ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்டேன். ஆனால் இது ரயில் இல்லை. இங்கே அந்தச் சட்டம் செல்லாது. இங்கே செல்லும் சட்டம் வேறு. அதையும் எனக்குக் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறார்களே!

"அவர் பின்னால வர்றார்" என்றேன். "சங்கத்து ஆளுங்களோட. மாநாட்டுக்கு வந்த கூட்டம்." பேனரைச் சுவரில் சாய்த்தேன். சுருள் தானாகக் கொஞ்சம் பிரிந்து 'உரிமை' என்ற சொல் மட்டும் தெரிந்தது. "ஸ்டேஷன்ல காத்துட்டிருப்பாங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

சம்பந்தியம்மாள் தெருவை எட்டிப் பார்த்தாள். ஒரு பெண் கேட்டால் நூறு கேள்வி. வராத ஆம்பிளையின் பேரைச் சொன்னால் வழிவிடுகிறார்கள். என் பேச்சை அவர்கள் நம்பவில்லை, அவருடைய விரலைத்தான் நம்பினார்கள். பரவாயில்லை, அந்த விரலும் ஒரு நாளைக்கு உதவட்டும்.

"காலையில கொண்டுவந்து விட்டுடணும்" என்றார் மாப்பிள்ளை.

"அவர் வந்து பேசுவார்" என்று சொல்லி, பேனரைக் கக்கத்தில் இடுக்கி, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓடினால் சந்தேகப்படுவார்கள். மூலை திரும்பியதும் இரண்டு பேரும் ஓடினோம். செருப்பில்லாத அந்தப் பாவி மனுஷனுடைய பையும் என்னோடு ஓடி வந்தது.

டிக்கெட் கவுண்ட்டரில் எந்த ஓட்டையில் பேச வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியோடு பேசினேன். கீழே குனிந்து பேசச் சொன்னார் உள்ளே இருந்தவர்.

"ரெண்டு குடுங்க. ஒண்ணா இல்ல, தனித்தனியா."

ஒன்றை மகள் கையில் வைத்தேன். அவள் அதைச் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள்.

"நீயே வெச்சுக்கம்மா. நான் தொலைச்சுடுவேன்."

"தொலைச்சா நீயே இன்னொண்ணு வாங்கு" என்றேன். நோட்டீஸ் மூட்டையையும் பேனரையும் அவருடைய பையையும் பெஞ்சில் வரிசையாக வைத்தேன். எப்படியும் மாநாட்டுக்கு வருவார், தூக்கட்டும். ஒரே ஒரு நோட்டீஸை மட்டும் உருவிக்கொண்டேன், இந்தத் தடவை படிப்பதற்காக.

நான் வந்த அதே வண்டிதான் திரும்பிக் கிளம்பியது. அதே செக்கர் பெண்தான். எங்களைப் பார்த்தார், பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

குழாயடி நிலையத்தில் வண்டி நின்றபோது வெளியே அப்பாவின் குரலைக் கேட்டு மகள் என் கையைப் பிடித்தாள். அவர்கள் ஏற வேண்டிய வண்டி இன்னும் வரவில்லை. இவர் வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்து, தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு முழங்கிக்கொண்டிருந்தார். பொருளாளர் தூங்கிவிட்டிருந்தார். ஜன்னலில் எங்களைக் கண்டதும் விரல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஓடி வந்தார்.

"அவளை எதுக்குடி கூட்டிட்டு வந்தே? இறங்கு! ரெண்டு பேரும் இறங்குங்க!"

"நீங்க ஏறுங்களேன்" என்றேன்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் போகிற டிக்கெட் அது, இந்தப் பக்கம் செல்லாது. டிக்கெட் இல்லாமல் ஏறினால் செயலாளர் என்ன ஆவது? அவர் ஒரு காலைப் படிவரைக்கும் கொண்டுவந்து, திரும்ப எடுத்துக்கொண்டார். அது எனக்குப் பழகிய கால்தான். நானும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அப்படித்தான் நின்றேன்.

"இறங்கப் போறியா இல்லையா?"

செக்கர் பெண் கதவோரம் வந்து நின்றார். "சார், தனியா வர்ற லேடீஸை இருட்டினப்புறம் இறக்கக் கூடாது. சட்டம்."

தன்னுடைய நோட்டீஸைத் தன்னிடமே படித்துக் காட்டியதுபோல, இவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். வண்டி ஊதியது. இந்தத் தடவை அவருக்கும் கேட்டது. ஆனால் நகர்ந்தது நாங்கள்தான்.

செக்கர் எங்கள் பக்கம் திரும்பினார். "டிக்கெட் காட்டுங்க."

மகளுக்கு வாய் பழக்கத்தில் "அவர்கிட்ட..." என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டாள். முஷ்டியை மெதுவாகத் திறந்தாள். டிக்கெட் வியர்வையில் நனைந்து கசங்கியிருந்தது, தொலையவில்லை.

செக்கர் அதில் ஓட்டை போட்டுக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர்?" என்று என்னைக் கேட்டார்.

"பின்னால வர்றார்" என்றேன். "அவர் டிக்கெட் அவர்கிட்ட இருக்கு."